பெயர் போடாத பெட்டிகள்

மலிவான ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாட்டு ஏற்றிய மெமரி கார்டைச் செருகும் இடத்தில் 'டி.எஃப்.' என்று அச்சிட்டிருக்கும். போனோடு கம்பியில்லாமல் இணையும் வசதிக்கு 'பி.டி. 5.0' என்றிருக்கும். டிவியோடு இணைக்கும் சில பெட்டிகளில் 'ஹெச்.டி. அவுட்' என்று ஒரு துளை இருக்கும். காட்பாடியில் நானும் என் கணவரும் நடத்தும் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் இந்த மாதிரிச் சரக்குதான் பாதி. அவை மைக்ரோ எஸ்டி, ப்ளூடூத், ஹெச்டிஎம்ஐ என்பது எனக்கும் தெரியும், செய்தவனுக்கும் தெரியும். பெயரை முழுதாக எழுதினால் உரிமம் எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறார்கள்; அதனால் எழுதுவதில்லை. வாங்க வருபவர்களுக்கு இதை விளக்குவது தனி வேலை. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ப்ளூடூத் என்று போடவில்லையே அம்மா, இது வேறு ஏதாவதா?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலில் நம்பிக்கை வராமல் வைத்துவிட்டுப் போனார்.

இந்த ஒளிவுமறைவுக்கு வரலாறு உண்டு. சான்டிஸ்க் நிறுவனம் 2004-இல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் ஒரு குட்டி அட்டையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மெமரி கார்டுகளுக்கு விதி வகுக்கும் எஸ்டி சங்கம் அதை ஏற்றுக்கொண்டு மைக்ரோ எஸ்டி என்று பெயர் சூட்டியது. புதிய பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமக் கட்டணம் உண்டு. ஆகவே பழைய பெயரின் இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டு உலகத்தின் பாதி மலிவுச் சரக்கு காலம் தள்ளுகிறது. சில்லு செய்யும் பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இரண்டு கம்பிகளில் சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி முறை பிலிப்ஸ் உருவாக்கியது. அதே முறையைத் தன் சில்லுகளில் வைத்த அட்மெல், தன் கையேடுகளில் அதை டி.டபிள்யூ.ஐ., அதாவது இரு கம்பி இணைப்பு என்றே எழுதியது. மாணவர்கள் கையேட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, "அக்கா, இந்தச் சில்லில் ஐ-ஸ்கொயர்-சி இல்லையா?" என்று வருவார்கள். இருக்கிறது, பெயர்தான் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹெரால்டுக்கு 'நீலப்பல்' என்ற பட்டப்பெயர். இன்டெலில் இருந்த ஜிம் கார்டக் 1997-இல் அதைத் தற்காலிகப் பெயராகச் சொல்லி வைக்க, அதுவே நிலைத்துப் ப்ளூடூத் ஆனது. 1002-இல் இத்தாலியின் மன்னனாக முடிசூடிய ஆர்டுயினின் பெயரில் இவ்ரேயா என்ற ஊரில் ஒரு மதுக்கடை. அங்கே கூடிய சில ஆசிரியர்கள் தாங்கள் செய்த மின்சுற்றுப் பலகைக்கு ஆர்டுயினோ என்று அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆண்ட இரண்டு ராஜாக்கள் என் கடையில் ஒரே அலமாரியில் கிடக்கிறார்கள். இருவருடைய பெயருக்கும் இப்போது வேறு உரிமையாளர்கள். அனுமதியின்றிப் பெட்டியில் போட்டால் வழக்கறிஞர் கடிதம் வரும்.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி செய்வதற்கு எழுதிவைத்த விதிமுறைதான் தரநிலை. அதன் பெயர் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது வெகுகாலமாக என் கட்சி. ஆவணத்தை வாங்கலாம், படிக்கலாம், அதன்படி செய்யலாம், செய்தது ஒழுங்காக வேலையும் செய்யும். ஆனால் செய்தது என்ன என்று மட்டும் வாய் திறந்து சொல்லக் கூடாது என்றால் அது என்ன திறந்த தரநிலை? கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மாணவர்களிடம் இதைப் பிரசங்கமாகவே செய்திருக்கிறேன். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை உதாரணம் காட்டுவேன். அது ஜெராக்ஸின் வணிகப் பெயர். டிஜிட்டல், இன்டெல் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து 1980-இல் அதைப் பொதுத் தரநிலையாக்க முனைந்தபோது ஜெராக்ஸ் பெயரின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. அப்படியும் தரநிலையை எழுதிய ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்புக்குப் பயம் போகவில்லை. 802.3 என்று எண் கொடுத்து, வாயில் நுழையாத ஒரு நீளத் தலைப்பு வைத்து, ஈதர்நெட் என்ற சொல்லை அட்டைக்கு வெளியே நிறுத்தியது. ஊர் உலகம் ஈதர்நெட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2012 பதிப்பில்தான் அந்தச் சொல் தலைப்புக்குள் வந்தது. பெயரை விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பேன்.

ஹை-ஃபையும் வைஃபையும்

என் பிரசங்கத்தில் முதல் ஓட்டையைப் போட்டது வைஃபை. அதன் உண்மையான பெயர் 802.11. வாசலில் நின்று கூவி விற்க முடியாத பெயர். 1999-இல் நிறுவனங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கி, இன்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வைஃபை என்ற சொல்லை வாங்கின. ஹை-ஃபையின் சாயலில் செய்த சொல் அது. அந்த ஹை-ஃபையின் கதியைப் பாருங்கள். அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. ஜெர்மனியில் டின் 45500 என்று ஒரு தரநிலை எழுதி, இவ்வளவு துல்லியம் இருந்தால்தான் ஹை-ஃபை என்று வரையறுத்துப் பார்த்தார்கள். நம் கடைத்தெருவுக்கு அது எட்டவே இல்லை. எங்கள் அப்பா காலத்தில் வேலூர் லாங் பஜாரில் விற்ற டேப் ரிக்கார்டர் ஒவ்வொன்றிலும் ஹை-ஃபை என்று வெள்ளி எழுத்தில் இருந்தது. கேட்டால் கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். யாரும் காவல் காக்காத பெயர் கடைசியில் ஒரு அலங்காரம்.

வைஃபைக்கு அந்தக் கதி வரவில்லை. கூட்டமைப்பு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, கருவிகளைச் சோதித்துத் தேறியவற்றுக்கே சின்னத்தைக் கொடுத்தது. ஒரு கம்பெனியின் ரூட்டரோடு இன்னொரு கம்பெனியின் போன் சண்டையில்லாமல் பேசுவதில் இந்தச் சோதனைக்குப் பங்கு உண்டு. 2018-இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது: 802.11என், ஏசி, ஏஎக்ஸ் என்ற எழுத்துக் குழப்பத்தை விட்டு வைஃபை 4, 5, 6 என்று எண்ணிட்டார்கள். பெயருக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்ததால் முடிந்தது. பொறுப்பாளர் இருந்தும் சொதப்பலாம் என்பதற்கு யுஎஸ்பி இருக்கிறது. 3.0 என்று இருந்ததை 3.1 ஜென் 1 ஆக்கி, பிறகு 3.2 ஜென் 1 ஆக்கினார்கள். வேகம் அதேதான். அந்த மாற்றங்களை வாடிக்கையாளருக்கு விளக்குவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

பில்லில் எழுதச் சொன்ன பெயர்

இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தபோதுதான் ஆற்காடு பக்கமுள்ள ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வகத்துக்கு ஆர்டர் வந்தது. மாணவர்கள் நிரல் எழுதிப் பழகும் 'ஆர்டுயினோ ஊனோ' பலகைகள். ஆர்டுயினோவின் வடிவமைப்பு திறந்தது. வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பலகை செய்யலாம், விற்கலாம். பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. ஆகவே மாற்றுப் பலகைகளில் 'ஊனோ ஆர்3' என்று மட்டும் இருக்கும். மூலப் பலகையின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கல்லூரி சொன்ன தொகைக்கு மாற்றுப் பலகைதான் கட்டுப்படியாகும். கொட்டேஷனில் 'ஆர்டுயினோவுக்கு இணக்கமான ஊனோ ஆர்3' என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்தது. சரக்கைக் கொண்டுபோய் இறக்கினோம்.

ஸ்டோர் கீப்பர் நல்ல மனிதர், ஓய்வுக்கு நெருங்கிய வயது. ஒரு பலகையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "அம்மா, ஆர்டரில் ஆர்டுயினோ என்று இருக்கிறது. பலகையில் அந்த வார்த்தையே இல்லை. நாளைக்கு ஆடிட்டில் என்னைத்தான் கேட்பார்கள்" என்றார். கொட்டேஷனைக் காட்டினேன். "அது இருக்கட்டும். பில்லில் மட்டும் ஆர்டுயினோ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், நான் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறேன். பொருள் ஒன்றுதானே?" நான் தயங்கியதைப் பார்த்து, உதவி செய்யும் குரலில் இன்னொன்றும் சொன்னார்: "வேண்டுமானால் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடுங்களேன்."

முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். உடனே வந்த பதில் அது. யோசித்துச் சொன்னதல்ல. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் திரும்பி வரும்போதுதான் குடைய ஆரம்பித்தது. பெயர் எல்லாருக்கும் பொது என்று பேசுகிறவள் நான். பலகையில் இருப்பது அதே ஏடிமெகா328பி சில்லு, ஏறக்குறைய அதே வரைபடம், அதே நிரல் ஓடும். என் கட்சிப்படி பார்த்தால் அதை ஆர்டுயினோ என்று எழுத எனக்கு முழு உரிமை இருக்க வேண்டும். பிறகு ஏன் கை வரவில்லை? சட்டத்துக்குப் பயந்தா? சட்டம் கடுமையானதுதான். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 101-ஆம் பிரிவு, பொருளின் மேல் பெயரைப் பொறிப்பதோடு பில்லிலும் விலைப்பட்டியலிலும் எழுதுவதையும் பெயரைப் பயன்படுத்துவதாகவே கொள்கிறது. 103-ஆம் பிரிவின்படி பொய்ப் பெயர் இட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த ஸ்டோர் அறையில் என் நினைவில் வந்தது இந்தப் பிரிவுகள் அல்ல. மூலப் பலகையில் கணினியோடு பேச ஒரு சில்லு, மாற்றுப் பலகையில் சிஹெச்340 என்று வேறொரு சில்லு. அதற்குத் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டிய கணினிகள் உண்டு. முதல் நாள் ஆய்வகத்தில் பலகையைக் கணினி அடையாளம் காணாமல் பிள்ளைகள் விழிக்கும்போது, யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு அந்தப் பெயர்தான் முகவரி. நான் அந்தப் பெயரை எழுதினால் இத்தாலியில் இருக்கும் யாரோ ஒருவர் கொடுக்காத வாக்குறுதியை அவர் தலையில் கட்டியவள் ஆவேன்.

அங்கேதான் சிக்கலின் முடிச்சு எனக்குத் தட்டுப்பட்டது. ஆர்டுயினோ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. இன்னார் செய்தது என்பது ஒரு வேலை. இன்ன வகை என்பது இன்னொன்று. கல்லூரியின் ஆர்டரில் அது வகைப் பெயர். நான் எழுத மறுத்தபோது அது செய்தவர் பெயர். ஸ்டோர் கீப்பரும் தவறில்லை, நானும் தவறில்லை. அந்தப் பெயரை வகைக்கும் சேர்த்து வளரவிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கே அந்தப் பெயரால் தலைவலி வந்தது தனிக் கதை. நிறுவனர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பெயருக்காக வழக்காட, 2015-இல் ஒரு தரப்பு அமெரிக்காவுக்கு வெளியே ஜெனுயினோ என்ற வேறு பெயரில் விற்க வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. பலகை முழுக் காலமும் ஒரே பலகைதான்.

எங்கள் பில் விவகாரம் அந்தத் துறையின் பேராசிரியை ஒருவரால் தீர்ந்தது. இண்டென்டையே, அதாவது கொள்முதல் கோரிக்கையையே திருத்தி, 'ஏடிமெகா328பி சில்லுடன், ஊனோ வடிவமைப்புக்கு இணக்கமான பலகை' என்று எழுதிவிட்டார். முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டியதுதான். அரசுக் கொள்முதலில் பிராண்டு பெயர் போடாதே, போட்டே ஆக வேண்டுமென்றால் 'அல்லது அதற்கு நிகரானது' என்று சேர் என்று சொல்வது சும்மா இல்லை. பணம் மட்டும் தாமதமாகத்தான் வந்தது.

விற்பவர் கையில் இருக்கும் பெயர்

அதற்குப் பிறகு வணிகக் குறிச் சட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் படித்தேன். சான்றுக் குறிகளுக்கென்று அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. அதிலுள்ள 70-ஆம் பிரிவை நம் ஊரில் யாரும் போற்றிப் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ஒரு வகைப் பொருளுக்குச் சான்றளிக்கும் குறியை, அதே வகைப் பொருளை விற்கிறவர் தன் பெயரில் பதிவு செய்ய முடியாது. அவ்வளவுதான் அந்தப் பிரிவு. பெயருக்கு உரிமையாளர் இருக்கலாம். ஆனால் அவர் கடை வைத்திருக்கக் கூடாது. குறியை யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற விதிகளையும் அவர் பதிவாளரிடம் கொடுத்து வைக்க வேண்டும். என் பழைய கட்சியும் வைஃபை தந்த பாடமும் சண்டையில்லாமல் உட்கார இடம் கொடுத்தது இந்த ஒரு பிரிவுதான்.

இதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் பல கதைகள் தெளிவாகின்றன. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயர் ஏடி அண்ட் டி கையில் இருந்து நாவெல் கைக்குப் போய், 1990-களில் எக்ஸ்/ஓப்பன் என்ற தரநிலை அமைப்புக்கு வந்தது. இயங்குதளம் விற்காத ஓர் அமைப்பு அது. இன்று அதன் வாரிசான தி ஓப்பன் குரூப் சோதித்துத் தேறியவர்களுக்கு யுனிக்ஸ் பெயரைத் தருகிறது. ஆப்பிளின் மேக் 2007-இல் அப்படித் தேறியது. லினக்ஸ் பொதுவாக அந்தச் சோதனைக்குப் போவதில்லை, ஆகவே 'யுனிக்ஸ் போன்றது' என்றே சொல்லிக்கொள்கிறது. யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி இதற்கு நேர் எதிர். 1995 டிசம்பரில் நெட்ஸ்கேப்பும் சன் நிறுவனமும் அதை அறிவித்தபோது, சன்னின் ஜாவா புகழில் குளிர்காய வைத்த பெயர் அது. வணிகக் குறி சன்னுடையது. மைக்ரோசாஃப்ட் அதே மொழியைச் செய்தபோது ஜேஸ்கிரிப்ட் என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது. 1997-இல் தரநிலை எழுதிய எக்மா அமைப்பாலும் மொழியின் சொந்தப் பெயரைப் பயன்படுத்த முடியவில்லை. எக்மாஸ்கிரிப்ட் என்று எழுதியது. அந்தப் பெயரைத் தரநிலை ஆவணத்துக்கு வெளியே யாரும் காதலோடு சொல்லி நான் கேட்டதில்லை. 2010-இல் சன்னை வாங்கிய ஆரக்கிளுக்குக் குறியும் போய்ச் சேர்ந்தது. 2024 நவம்பரில், அந்த மொழியை ஓட்டும் மென்பொருள் செய்யும் டெனோ நிறுவனம், அது வகைப் பெயராகிவிட்டது, பதிவை நீக்குங்கள் என்று அமெரிக்க வணிகக் குறி அலுவலகத்தில் மனு போட்டது. உலகத்தின் ஒவ்வொரு வலைப்பக்கத்திலும் ஓடும் மொழியின் பெயர் ஒரு கம்பெனியின் சொத்துப் பட்டியலில் ஒரு வரி. ஜாவாவின் நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் 2017-இல், திறந்த மென்பொருளைப் பராமரிக்கும் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோதும் நிரல் போனது, பெயர் போகவில்லை. 2018-இல் அது ஜகார்த்தா ஆனது. பிறகு 2020-இல் நிரல் வரிகளுக்குள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய இடமெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற வேண்டியதாயிற்று. ஒரு வணிகக் குறி பெட்டியின் அட்டையைத் தாண்டி நிரலுக்குள்ளேயே கைவிட்ட கதை இது.

நம் நாட்டில் 70-ஆம் பிரிவின் உணர்வுக்கு நெருங்கிய உறவு ஐஎஸ்ஐ முத்திரை. அதற்குத் தனிச் சட்டம் என்றாலும், காவல் காப்பவர் ஒயர் விற்பதில்லை. ஐஎஸ்ஐ என்ற இந்தியத் தரநிலைகள் நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1987-இல் அதன் இடத்தில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பு வந்துவிட்டது. நிறுவனம் போயும் முத்திரையில் மூன்றெழுத்து அப்படியே இருக்கிறது. 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் வடார்க்காடு இருப்பது போல. ஒயர் சுருள் என்றால் முத்திரைக்கு மேலே ஐஎஸ் 694 என்று தரநிலை எண் இருக்கும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்தக் கீழ் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் யார் செய்தது என்று வரும். ஒரு முறை சரக்கு காட்ட வந்த விற்பனை ஆள் நீட்டிய சுருளில் முத்திரை பளிச்சென்று இருந்தது, கீழே எண்ணைக் காணோம். கேட்டேன். "எண் வேண்டுமா மேடம்? அடுத்த லோடில் போட்டுவிடச் சொல்கிறேன்" என்றார், கூடுதல் வசதி செய்து தருகிறவர் முகத்தோடு. பெயர்கள் எல்லாருக்கும் பொது என்று நான் பேசிக்கொண்டிருந்த உலகத்தின் பிரஜை அவர். அந்த ஒயர் யாருடைய வீட்டுச் சுவருக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இருந்தாலும் காவல் காப்பவர்களின் கட்டணப் பட்டியலைப் பார்த்தால் எனக்குப் பழைய கட்சி மறுபடி தலைதூக்குகிறது. எங்கள் கடையில் உதிரிபாகம் வாங்கிப் படித்து முடித்த பையன் ஒருவன் சத்துவாச்சாரியில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறான். மேல்நிலைத் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தி, போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி செய்கிறான். வேலூரில் தண்ணீர் வரும் நேரத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். "அக்கா, பெட்டியில் ப்ளூடூத் என்று போடலாமா?" என்று கேட்டான். உறுப்பினர் ஆவதற்குக் காசில்லை. ஆனால் பொருளைத் தகுதிப்படுத்திப் பெயரைப் போட ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அவன் மாதம் விற்கும் பெட்டிகளின் மொத்த லாபத்தைச் சேர்த்தாலும் காணாது. பெரிய கம்பெனிக்கு அது தேநீர்ச் செலவு. சோதனைக்குக் கட்டணம் வாங்கட்டும், அது நியாயம். ஆயிரம் பெட்டி செய்கிறவனுக்கும் கோடிப் பெட்டி செய்கிறவனுக்கும் வாசற்படி ஒரே உயரத்தில் இருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 'பி.டி.' என்று போடுகிற தொழிற்சாலைகள் எல்லாமே ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அந்தப் படி ஏற முடியாதவர்களும் அதில் உண்டு.

2025 அக்டோபரில் க்வால்காம் ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தபோது கடையில் மாணவர்களுக்குள் பெரிய விவாதம். வரைபடம்தான் திறந்து கிடக்கிறதே, எதற்குப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஒருவன் கேட்டான். ஆட்களுக்காக, மென்பொருளுக்காக என்று ஆளுக்கொரு பதில் வந்தது. பெயருக்காகத்தான் பெரும்பங்கு என்பது என் கணிப்பு. சில்லு விற்கும் ஒரு கம்பெனியின் கைக்கு இப்போது ஒரு வகைப் பெயர் போகிறது. அவர்கள் அதைப் பெருந்தன்மையோடு நடத்தலாம். நடத்தாவிட்டால் 'ஊனோ' என்ற சொல்லும் நாளைக்குப் பெட்டியிலிருந்து காணாமல் போகலாம்.

தொட்டிப் பெட்டிக்காரனிடம் 'போனோடு இணையும்' என்று மட்டும் போடச் சொன்னேன், அப்படித்தான் போட்டிருக்கிறான். வாங்கியவர்கள் என்னவோ அதை ப்ளூடூத் மோட்டார் என்றே தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள், புதிதாகக் கேட்டு வருகிறவர்களும் அந்தப் பெயரிலேயே கேட்கிறார்கள். "அவர்கள் அப்படிச் சொன்னால் அதற்கு நான் பொறுப்பா அக்கா?" என்று போன வாரம் கேட்டான். இல்லை, பில்லில் மட்டும் நீ அப்படி எழுதிவிடாதே என்றேன்.